முட்டுக்கட்டை தர்மன் பார்த்த தேர்ப்படம்

முட்டுக்கட்டை என்பதைக் கெட்ட வார்த்தை ஆக்கியது யார் என்று தெரியவில்லை. பத்திரிகையைப் பிரித்தால் அவர் இவருக்கு முட்டுக்கட்டை போடுகிறார், இவர்கள் அந்தத் திட்டத்துக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறார்கள் என்று எழுதித் தள்ளுகிறார்கள். எழுதுகிறவர்களில் ஒருவராவது ஓடி வரும் தேர்ச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்த்திருப்பாரா? பார்த்திருந்தால் பேனா அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். புண்ணியமெல்லாம் அவர்களுக்கு. அவர்கள் கிளப்பிவிட்ட தேரை நிறுத்துவதும் திருப்புவதும் இரண்டே பேர். வலது சக்கரத்துக்கு ஒருவர், இடது சக்கரத்துக்கு ஒருவர். ஆளுக்கு ஒரு புளியங்கட்டை. ஆப்பு மாதிரி முன்பக்கம் சரிந்திருக்கும், பின்பக்கம் கைப்பிடி செதுக்கியிருக்கும். அதைச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே சரியான நொடியில் கொடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் தேர் நடுவழியில் நின்றுவிடும். ஒரு நொடி பிந்தினால் அது யார் வீட்டுக்குள் நுழையும் என்று மேலே உட்கார்ந்திருக்கும் சாமிக்கே தெரியாது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கோயில் தேருக்கு வலது சக்கரக்காரன் தர்மன். எந்தக் கோயில் என்று சொல்லாமல் விடுவதே நல்லது. இந்த ஊரில் ஒரு கோயில் பேரைச் சொன்னால் மற்ற கோயில்காரர்கள், "எங்க தேரு மட்டும் இன்னா கொறச்சலா?" என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். தேர் வலம் வருவது. ஆகவே நான்கு முனையிலும் வலது பக்கம்தான் திரும்பியாக வேண்டும். வலது சக்கரத்தைக் கட்டை பிடித்துக்கொள்ள, இடது சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். திருப்புகிற பொறுப்பு முழுக்க வலது சக்கரக்காரனுடையது. வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் தர்மன் ஒரு மரவாடியில் ரம்பம் இழுப்பான். பாக்கி இருக்கும் ஒரு நாள் தேருக்கு. அந்த ஒரு நாளை வைத்துத்தான் ஊர் அவனுக்குப் பெயர் வைத்திருந்தது.

அறுபத்தாறாம் வருடம் அந்த ஒரு நாளில்தான் விஷயம் கெட்டது.

இரண்டாவது முனைக்குச் செக்கு முக்கு என்று பெயர். அங்கே வீதி கொஞ்சம் பள்ளமாக இறங்கும். வடக்காரர்கள் உற்சாகத்தில் இழுத்துவிட்டார்கள். தேர் இழுக்காமலே உருள ஆரம்பித்தது. தர்மன் கட்டையோடு குனிந்தான். சக்கரம் அவன் உயரத்துக்கு மேல் இருந்தது. பதினாலு வருடமாகப் பார்த்த அதே சக்கரம்தான். ஆனால் அன்றைக்கு அவன் கை முன்னால் போய், அப்படியே பின்னால் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவனுக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. தேர் சாக்கடைக் கல்லில் ஏறி, ஒரு டீக்கடையின் கீற்றுப் பந்தலைத் தூக்கிக்கொண்டு போய், பூவரச மரத்தில் சாய்ந்து நின்றது. இடது சக்கரக்காரர் உமாபதி சுற்றி ஓடி வந்து வலது பக்கமும் கட்டை கொடுத்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வடக்காரர்கள் வேகமாக இழுத்ததுதான் காரணம் என்று ஊர் ஒருமனதாக முடிவு செய்து, நீர்மோர் குடித்துவிட்டுக் கலைந்தது.

தர்மனின் கை பின்னால் வந்ததை யாரும் பார்க்கவில்லை. அதுதான் அவனை அரித்தது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பான். அடுத்த வருடம் உற்சவம் வந்தபோது, "இடுப்பு புடிச்சுக்கிச்சு, குனிய முடியல" என்று சொல்லிவிட்டான். வாடியில் நாள் முழுக்கக் குனிந்து ரம்பம் இழுக்கிறவனுக்குத் தேரன்று மட்டும் எப்படி இடுப்பு பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. திருப்புட்குழியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார்கள். அந்த மனிதர் உஷார் பேர்வழி. எல்லா இடத்திலும் முன்கூட்டியே கட்டை கொடுத்தார். தேர் மூன்று இடத்தில் நின்று, மறுநாள் மத்தியானம்தான் நிலைக்கு வந்தது. தேர் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்து நிற்பதைத்தான் நிலைக்கு வருவது என்கிறோம். தேர் நிலைக்கு வராத இரவு இந்த ஊரில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

அறுபத்தெட்டில், தேருக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது கோயில் மணியக்காரர் சொல்லி அனுப்பினார். இந்த வருடம் வருகிறாயா, இல்லையா? இல்லை என்றால் திருப்புட்குழிக்காரருக்கே வலது சக்கரத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுவோம். தர்மன், "பார்த்துச் சொல்றேன்" என்றான். என்ன பார்க்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

அந்த வாரத்தில்தான் அந்தப் படம் வந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் தேவசகாயம், தர்மனின் சிநேகிதன். வர வேண்டிய தமிழ்ப் படத்தின் பெட்டி வரவில்லை. முதலாளி கையில் அகப்பட்ட ஓர் இங்கிலீஷ் படத்தைப் போட்டார், இரண்டு நாள் ஓட்டினால் போதும் என்று. தேவசகாயம் முதல் காட்சியை ஓட்டிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக வாடிக்கு வந்தான்.

"தர்மா, சாயங்காலம் கொட்டாய்க்கு வாபா. எங்க படத்துல தேர் ஓடுது."

"இங்கிலீஷ் படத்துல ஏதுடா தேரு?"

"வந்து பாரேன். நம்ம தேர விட ரெண்டு அடுக்கு ஜாஸ்தி."

தர்மன் போனான். கத்திச் சண்டைப் படம் என்றால் அவனுக்கு ஏற்கனவே உயிர். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு பண்ணிக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கதை. ஏதோ ஒரு தேசம், ஏதோ ஒரு கோட்டை. கோட்டைக்குள் பொன்னிற முடியோடு ஒரு கதாநாயகன். பாவம், இடுப்புக்கு மேல் துணி போட அவனுக்குக் கடைசிவரை நேரம் கிடைக்கவில்லை. கோட்டையை முற்றுகை போட வந்தவர்கள் வில்லன்கள். இதையெல்லாம் படம் எடுத்தவர் தெளிவாகத்தான் காட்டியிருந்தார். இடைவேளை வரைக்கும் கொட்டகையும் ஒழுங்காகக் கதாநாயகனுக்கு விசில் அடித்தது.

இடைவேளைக்குப் பிறகு, கோட்டையின் மேல் ஏறுவதற்காக வில்லன்கள் ஒரு மரக் கோபுரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஏழு அடுக்கு. கீழே நான்கு பெரிய மரச் சக்கரம். முன்னால் இரண்டு நீள வடம். வடத்துக்கு ஐந்நூறு பேர். மேல் அடுக்கில் கொடி. முரசு அடிக்க, எல்லோரும் ஒரு குரலாகக் கத்திக்கொண்டு இழுக்க, கோபுரம் லேசாக ஆடிக்கொண்டு நகர்ந்தது.

கொட்டகை ஒரு கணம் மூச்சு விடவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்து நின்று கும்பிட்டார்கள். காஞ்சிபுரத்துக்காரன் தேர் என்று முடிவு செய்துவிட்டதை எந்த இயக்குநராலும் மாற்ற முடியாது. கோட்டைச் சுவர்தான் நிலை. தேர் அங்கே போய்ச் சேர வேண்டும். அதைத் தடுக்கிறவன் யாராக இருந்தாலும் பாவி. அந்த நிமிடத்திலிருந்து பொன்முடிக் கதாநாயகன் அந்த ஊரில் ஒழிந்தான்.

பாதி மேட்டில் வடம் ஒன்று அறுந்தது. கோபுரம் பின்னால் உருள ஆரம்பித்தது. இழுத்தவர்கள் எல்லாம் விட்டுவிட்டு ஓடினார்கள். கொட்டகையில் "ஐயோ" என்று ஒரு சத்தம். தர்மன் தன்னை மறந்து எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

"கட்ட போடு! சோத்தாங்கைப் பக்கம் கட்ட போடுடா!"

கொட்டகை சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் திரையில் கோபுரம் எப்படியோ நின்று, மறுபடி மேலே ஏறி, சுவரைத் தொட இரண்டு முழம் இருக்கும்போது கதாநாயகன் எண்ணெய்ப் பானையைக் கொளுத்தி அதன்மேல் எறிந்தான். ஏழு அடுக்கும் பற்றி எரிந்தது. "பாவி! தேரக் கொளுத்திட்டானே! நீ வெளங்குவியா?" என்று ஓர் அம்மாள் தரை மணலை இரண்டு கையாலும் வாரித் திரையைப் பார்த்துத் தூற்றினாள். அதற்குப் பிறகு கதாநாயகன் இருபது பேரைத் தனியாக வெட்டினான், ராஜகுமாரியைக் காப்பாற்றினான், ஒருவரும் பார்க்கவில்லை. பாதிக் கொட்டகை எழுந்து போய்விட்டது.

இரண்டு நாள் ஓட வேண்டிய படம் பத்து நாள் ஓடியது. அதன் பெயர் என்ன என்று யாருக்கும் நினைவில்லை, தேர்ப்படம் என்றுதான் சொன்னார்கள். முசரவாக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ கோபுரம் வரும்போது தரையில் சூடம் ஏற்றிவிட்டார்கள். முதலாளி டார்ச் லைட்டோடு ஓடி வந்து அணைத்துவிட்டு, சினிமாவுக்கும் கோயிலுக்கும் வித்தியாசம் தெரியாத ஜனங்கள் என்று வாயில் வந்தபடி திட்டினார். திட்டிவிட்டு மறுநாளைக்கு ஒரு காட்சி கூடுதலாகப் போட்டார்.

தர்மன் இரண்டாம் தடவை போனது வேறு காரணத்துக்கு. கோபுரம் பின்னால் உருண்டதே, அது எப்படி நின்றது? முதல் நாள் கத்திக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கத் தவறிவிட்டான். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். திரையின் வலது மூலையில், கீழே, ஓர் ஆள். மெலிந்த உடம்பு, கொஞ்சம் தாடி, இடுப்பில் ஒரு துண்டு. எல்லோரும் ஓடும்போது அவன் மட்டும் ஓடாமல் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து கட்டை கொடுத்தான். கோபுரம் அதில் ஏறி, முனகி, நின்றது. உடனே படம் கதாநாயகன் முகத்துக்குப் போய்விட்டது. மொத்தம் நாலு நொடி இருக்கும்.

மூன்றாம் தடவையிலிருந்து தர்மன் அந்த மூலையை மட்டும்தான் பார்த்தான். மற்றவர்கள் தேரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தான். ஐந்தாம் தடவை, அந்த ஆள் கட்டை கொடுத்த பிறகு வலது கையை விரித்து, மூடி, விரித்துப் பார்ப்பதைக் கண்டான். தர்மனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விரல் ஐந்தும் இருக்கிறதா என்று பார்ப்பது அது. கட்டை போட்டவனைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் வராது. சொல்லிக் கொடுத்து நடிக்க வைக்கிற காரியமும் அல்ல. ராஜாவையும் ராஜகுமாரியையும் விட்டுவிட்டு மூலையில் நிற்கிற கூலிக்காரன் விரலுக்கு யார் மெனக்கெட்டு நடிப்புச் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஏழாம் தடவை இன்னொன்றைக் கண்டான். கண்டதும் படம் முடியும்வரை உட்கார முடியாமல் ஆபரேட்டர் அறைக்கு ஓடினான். உள்ளே அடுப்பு மாதிரி சூடு. தேவசகாயம் பனியனோடு மெஷின் பக்கத்தில் நின்றிருந்தான்.

"தேவா, அந்தாளு கையப் பாத்தியா? மொதல்ல முன்னால போவுது. அப்பால பின்னால வந்துடுது. அப்பால மறுபடி போவுது. பாத்தியா நீ?"

"எந்தாளு?"

"கட்ட போடற ஆளுபா! அடுத்த ஆட்டத்துல அந்த எடத்துல கொஞ்சம் நிறுத்தேன், காட்டறேன்."

"நிறுத்தினா பிலிம் பத்திக்கும், கூடவே நானும் பத்திக்குவேன். இன்னாபா ஆச்சு உனக்கு? ஊரே தேரப் பாக்குது, நீ யாரோ ஒருத்தன் கையப் பாத்துக்கினு இருக்கே. அதெல்லாம் நடிப்புபா."

"நடிப்பு இல்ல. அந்தாளு நம்ம ஆளு."

அதற்கு மேல் தர்மனால் சொல்ல முடியவில்லை. தேவசகாயத்திடமும் அவன் இடுப்பு வலி என்றுதான் சொல்லியிருந்தான்.

கை பின்னால் வந்தது தனக்கு மட்டும்தான் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தான் அவன். தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு, தைரியம் என்கிற சரக்கு தன்னிடம் தீர்ந்துபோயிற்று என்று நினைத்து, வாடியில் ரம்பம் இழுக்கும்போதுகூடக் கையைச் சந்தேகமாகப் பார்ப்பான். இப்போது கடல் தாண்டி எங்கேயோ ஓர் ஊரில், பாஷை தெரியாத ஒருத்தனுக்கும் கை பின்னால் வருகிறது. வந்த கை மறுபடி போகிறது. அவனுக்கும் தனக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டாவது தடவை மட்டும்தான். தர்மன் ஆபரேட்டர் அறையை விட்டு வந்தான். சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் கொட்டகைக்கு வெளியே ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

பத்தாம் நாள், அவன் பதினோராம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சரியாக அந்த இடத்தில் பிலிம் அறுந்தது. தானாக அறுந்ததா என்று கேட்டால் தேவசகாயம் இன்றைக்கும் சிரிப்பான். அறுந்த பிலிமை ஒட்டும்போது பிய்ந்துபோன கட்டங்களை வெட்டி எறிவது வழக்கம். காட்சி முடிந்ததும் தேவசகாயம் ஒரு காகிதத்தில் சுற்றிய பிலிம் துண்டைத் தர்மன் கையில் வைத்தான்.

"பன்னெண்டு கட்டம் இருக்குது. உன் ஆளு அதுல இருக்கான். நாளைக்குப் பெட்டி அரக்கோணம் போவுது, இதுக்கு மேல என்னாண்ட கேக்காதே."

மறுநாள் காலை தர்மன் வாடிக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் நின்று பிலிமை வெயிலில் தூக்கிப் பிடித்தான். அவன் மனைவி ரேணுகாம்பாள் வாசலில் ராட்டையில் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ராட்டையை நிறுத்தினாள்.

"இப்டிக் குடுய்யா, நானும் பாக்கறேன். இன்னாத்துக்கு நீ இப்டி அல்லாடறேன்னு தெரியட்டும்."

வாங்கிப் பார்த்தாள். நூலிழையில் ஒரு சின்ன முடிச்சு இருந்தாலும் விரலால் கண்டுபிடிக்கிறவள் அவள். பன்னிரண்டு கட்டத்தையும் ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

"எல்லாம் ஒண்ணு மாதிரி இருக்குது... இல்ல, இரு. இங்க கை பின்னால இருக்குது. இங்க கொஞ்சம் முன்னால. தோ, இங்க கட்டை உள்ள போயிடுச்சு." நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "பயந்துட்டான், இல்ல?"

"ம்."

"பயந்துட்டுப் போட்டிருக்கான்."

"ம்."

மறுபடி பிலிமைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இந்தாளு பொண்டாட்டிக்காவது இது தெரியுமாய்யா? இல்ல, அவளாண்டயும் இடுப்பு வலின்னு சொல்லிக்கினு இருப்பானா?"

தர்மன் பிலிமுக்குக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை.

"இடுப்பு புடிச்சவன் பதினோரு தபா மணல்ல குந்திப் படம் பாப்பானா? நான் இன்னா கண்ணு தெரியாதவளா? செக்கு முக்குல தேரு சாஞ்ச அன்னிக்கு நைட்டு நீ தூக்கத்துல கைய இழுத்து இழுத்துக்கினே. நானா கேட்டா நீ ஒடஞ்சு போயிடுவேன்னு கேக்கல. ரெண்டு வருசம் வெளக்கெண்ணெய் தேச்சு விட்டேனே, எந்த எடத்துல வலிக்குதுன்னு உனக்கே சரியாச் சொல்லத் தெரியல."

தர்மனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்கத் தோன்றவில்லை. "பயமா இருக்குது ரேணுகா. இப்பவும் இருக்குது" என்றான். இரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. சொன்னதும் நிஜமாகவே இடுப்பிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரி இருந்தது.

"இருக்கட்டும். எனக்கும்தான் இருக்குது. அதுக்காகத் தேரு நிக்குமா?" என்று ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அன்று மத்தியானமே உமாபதியைப் பார்க்கப் போனான். உமாபதிக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். இடது சக்கரத்தில் முப்பது வருடம். பேச்சுக்கு ஒரு வார்த்தை, அதுவும் வெற்றிலை வாயில் இல்லாத நேரத்தில். மணியக்காரருக்குச் சேதி சொல்லுமுன் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தர்மனுக்குப் பட்டது.

"இடுப்பு சரியாயிடுச்சா?" என்றார்.

"இடுப்பு நல்லாத்தாண்ணா இருந்துச்சு. அன்னிக்குக் கை பின்னால வந்துடுச்சு. பயத்துல நான்தான் போடல. நீங்க ஓடி வந்தீங்க."

உமாபதி வெற்றிலையைத் துப்பினார். தர்மன் திட்டை எதிர்பார்த்து நின்றான்.

"கட்ட ரெண்டும் வெடிச்சுக் கிடக்குது. புதுசு செதுக்கணும். வாடியில நல்ல புளியமரம் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குதுண்ணா."

"ரெண்டு துண்டு எடுத்தா."

அவ்வளவுதான் பேச்சு. தர்மன் அன்றே மணியக்காரரிடம் போய், இந்த வருடம் வலது சக்கரம் தன்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தான். தேருக்கு இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

தேரன்று காலை ஏழு மணிக்கு வடம் பிடித்தார்கள். வேட்டியை வரிந்து கட்டி, மடியில் காகிதத்தில் சுற்றிய பிலிம் துண்டோடு தர்மன் வலது சக்கரத்தின் பக்கத்தில் நடந்தான். முதல் முனை சிரமமில்லாமல் போயிற்று. ஜனங்களுக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை மறந்தே போயிருந்தது. ஞாபகமிருந்தது கொட்டகைக் கதைதான். செக்கு முக்கை நெருங்கும்போது கூட்டத்தில் தேவசகாயம் மாதிரியே ஒரு குரல், "சோத்தாங்கைப் பக்கம் கட்ட போடுடா!" என்று கத்தியது. நூறு பேர் அதையே திருப்பிக் கத்திச் சிரித்தார்கள். தர்மனும் சிரித்தான். சிரித்ததில் பயம் போயிற்றா என்றால், இல்லை. அதுவும் கூடவே நடந்து வந்தது.

வீதி இறங்கியது. வடம் தொய்ந்தது. தேர் தன்னால் உருள ஆரம்பித்தது. கூட்டத்தின் சிரிப்பு நின்று, "உஷார், உஷார்" என்று சத்தம் எழுந்தது. தர்மன் புதுக்கட்டையோடு குனிந்தான். சக்கரம் வந்தது. கை முன்னால் போயிற்று.

கை பின்னால் வந்தது.

வரட்டும் என்று இருந்தான். வரும் என்று தெரிந்ததுதானே. பின்னால் வந்த கை அங்கேயே நின்றுவிடாமல் மறுபடி முன்னால் போயிற்று, கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுத்தது. புளியங்கட்டை நெரிந்து கிறீச்சிட்டது. மரம் கருகும் வாசனை வந்தது. வலது சக்கரம் கட்டையில் ஏறி, நின்று, தேர் முழுதும் ஒரு தடவை குலுங்கியது. மேலே மணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் அடித்தன. இடது சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தது. பூவரச மரத்துக்கு நாலு முழம் தள்ளி, தேர் அடுத்த வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றது. புதுப் பந்தல் போட்டிருந்த டீக்கடைக்காரர் ஓடி வந்து தேருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

தர்மன் குனிந்தபடியே வலது கையை விரித்து, மூடி, விரித்துப் பார்த்தான். ஐந்தும் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு தலையைத் திருப்பினான். தேருக்கு அடியில், அச்சுக்கு அந்தப் பக்கம், இடது சக்கரத்தடியில் உமாபதி குனிந்திருந்தார். அவரும் கையை விரித்து, மூடி, விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை எண்ணியும் நம்பாமல் மறுபடி எண்ணினார். இத்தனை வருடம் அவரோடு கட்டை போட்டும் தர்மன் அதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவன் எப்போதும் தன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். உமாபதி நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முப்பது வருடச் சக்கரக்காரர் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"இன்னாடா பாக்கறே? கட்டைய எடு, இழுக்கப் போறாங்க" என்றார்.

மத்தியானம் ஒரு மணிக்கு முன்பே தேர் நிலைக்கு வந்துவிட்டது. அந்த வருடம் ஊரே வயிறாரச் சாப்பிட்டது. சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று குறைப்பட்டவர்களும் உண்டு. இந்த ஊரில் எதற்கும் அப்படி நாலு பேர் இருப்பார்கள்.

ரேணுகாம்பாள் சொம்பில் மோர் கொண்டுவந்தாள். கூட்டத்தில் அவனைத் தேடி, தேர்நிலைக்கு எதிரே தனியாக நிற்பதைக் கண்டாள். சொம்பைக் கொடுப்பதற்கு முன்னால் அவன் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "பத்தும் இருக்குது" என்றாள், தனக்குத்தானே.

தர்மன் மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மடியிலிருந்து காகிதத்தைப் பிரித்தான். பிலிம் துண்டைத் தூக்கி, வெயிலில், நிலையில் நிற்கும் தேருக்கு நேராகப் பிடித்தான். விரல் நகம் அளவுக்கு அந்த மெலிந்த ஆள் குனிந்திருந்தான்.

"உன்னுத கொளுத்திட்டாங்க, நீ இன்னா பண்ணுவே" என்று மெதுவாகச் சொன்னான். "இது வந்துடுச்சு. பாருபா."

"யாராண்ட பேசிக்கினு இருக்கே?" என்று கேட்டாள் ரேணுகாம்பாள்.

"நம்ம ஆளாண்ட" என்றான் தர்மன்.